மனதில் நாலு நாள், வாயில் ரெண்டு நாள்

"இது எத்தனை நாள்ல முடியும்?" என்று மேலாளர் கேட்பார். மனதில் சட்டென்று நாலு நாள் என்று வரும். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் "ரெண்டு நாள்ல முடிச்சிடறேன் சார்" என்றுவிடும். அப்புறம் இரண்டு ராத்திரி தூக்கம் போகும். மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதுவேன். 6 வருடம் இப்படியே ஓடியது. எனக்கு வேலையைக் கணிக்கத் தெரியாது என்றே நம்பியிருந்தேன்.

போன வருடம் ஒரு சின்ன நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: மனதில் வந்தது, வாயில் சொன்னது, நிஜத்தில் ஆனது. வேறு எதையும் மாற்றவில்லை, எழுதி மட்டும் வந்தேன். இரண்டு மாதத்தில் 14 வேலைகள். ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், 11 வேலைகளில் முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. அரை நாள் முன்னே பின்னே. தப்பெல்லாம் நடுக் கட்டத்தில்தான். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

ஒரு காரியம் நம்மால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். நாமே செய்து பார்த்தது, பிறர் செய்யப் பார்த்தது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை என நாலு வழி. பலமானது முதலாவது. எனக்கு 'உன்னால முடியும்' என்று சொன்னவர்கள் நிறைய பேர். அது ஒரு நாள் தாங்கும். நோட்டு இன்னும் தாங்குகிறது.

அடுத்த முறை "பார்த்துட்டு மதியம் சொல்றேன் சார்" என்றேன். உள்ளங்கையெல்லாம் வேர்த்தது. மதியம் போய், அஞ்சு நாள் ஆகும் என்றேன். நாள்காட்டியைப் புரட்டி, "அப்ப புதன்கிழமை" என்றார். அவ்வளவுதான்! எப்போதும் இப்படி நடப்பதில்லை. போன மாதம் குறைத்தே ஆகவேண்டும் என்றார். ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் தர முடியும் என்றேன். முகம் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அந்தச் சுளிப்பைப் பார்த்த பிறகும் ராத்திரி தூங்க முடிந்தது, அது எனக்குப் புதிது.

மறுமொழி:

அக்கா, எனக்கு வேறு மாதிரி. பக்கத்து இருக்கைக்காரரிடம் "ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று கேட்காமல் எதையும் அனுப்ப மாட்டேன். அவர் விடுப்பில் போன வாரம் நாலு வரி மின்னஞ்சல் ஒன்று மூன்று மணி நேரம் வரைவிலேயே கிடந்தது. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். தொகையோ தேதியோ இருந்தால் இன்னொருவர் பார்க்க வேண்டும், மற்றதை ஒரு முறை படித்துவிட்டு அனுப்பிவிடுவேன். ஒருநாள் கோப்பை இணைக்க மறந்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி அனுப்பினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகப் போன இருபது மின்னஞ்சலைவிட அந்த ஒன்றுதான் எனக்குத் தைரியம் தந்தது.

மறுமொழி:

என் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னபோதெல்லாம் எல்லார் முன்னாலும் மேலாளரிடம் திட்டு. நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனோ என்று ரொம்ப நாள் என்னையே சந்தேகப்பட்டேன். அப்புறம் தேதி போட்டு, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத ஆரம்பித்தேன். 7 வாரம் கழித்துப் படித்தபோது சந்தேகம் போய்விட்டது. பணிச்சோர்வு என்பது சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தின் விளைவு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியதையும் அப்போதுதான் படித்தேன். வேறு வேலை தேடி மாறினேன். உங்கள் நோட்டில் நாலாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: உள்ளதைச் சொன்னதற்கு என்ன பதில் வந்தது?

மறுமொழி:

இன்றைக்கே கோடு போட்டுவிட்டேன். முதல் வரியில் "அப்ப புதன்கிழமை" என்று எழுதியிருக்கிறேன்.