பழைய நியூஸ்டார்ட் கடன்: அம்மாவுக்கு வந்தது ரோபோடெட்டா, வேறு ஏதாவதா?

பெண்டில்ஹில்:
எல்லாருக்கும் வணக்கம். சிட்னியில் இருக்கிறோம். அம்மா 2017, 2018இல் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் கேஷுவலாக வேலை பார்த்தார். ஷிப்ட் ஒரு வாரம் நிறையக் கிடைக்கும், அடுத்த வாரம் ஒன்றுமே இருக்காது. கூடவே வேலையில்லாதவர்களுக்கு அரசு அப்போது தந்த நியூஸ்டார்ட் உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது. 2018 கடைசியில் அதிகமாக வாங்கிவிட்டதாகச் சொல்லி 1,840 டாலர் கடன் என்று கடிதம் வந்தது. பாதியைக் கட்டிவிட்டார்.

இப்போது வருமானத்தைப் பிரித்துக் கணக்கிட்ட பழைய முறை, அதற்கு 600 டாலர் வரை ஈட்டுத்தொகை என்றெல்லாம் பேச்சு வருகிறது. கோவிலில் சந்தித்த ஒருவர் "அதெல்லாம் ரோபோடெட், மொத்தமும் ரத்தாகிவிட்டது, இனி ஒரு காசு கட்டாதீர்கள்" என்றார். உண்மையா? பே ஸ்லிப் இரண்டு மூன்றுதான் மிச்சம் இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேசவன்_பெர்த்:
ஆமாம், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 2020இல் முழுப் பணமும் திரும்ப வந்தது. உங்களுக்கும் வரும்.

வாணி_மெல்பர்ன்:
பெண்டில்ஹில், தயவுசெய்து கட்டுவதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். கேசவன் அண்ணா சொல்வது வேறொரு விஷயம். நான் இங்கே ஒரு சமூகச் சட்ட மையத்தில் தமிழ் பேசுபவர்களுக்கு உதவுகிறேன். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம்.

ரோபோடெட் என்பது 2015 முதல் 2019 வரை நடந்தது. வரித்துறையிடமிருந்து ஆண்டு வருமானத்தை எடுத்து 26ஆல் வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் அவ்வளவு சம்பாதித்ததாக வைத்துக் கடன் போட்டார்கள். 2019 நவம்பரில் டியானா அமாட்டோ என்ற பெண் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், அவர்மேல் போட்ட கடன் செல்லாது என்று அரசு ஒப்புக்கொண்டது. 2020 மே மாதம் சுமார் 4,70,000 கடன்களுக்கான 721 மில்லியன் டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். இதை விசாரிக்க அரசு அமைத்த, கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் 2023 ஜூலையில் அறிக்கை தந்தது.

நீங்கள் கேள்விப்பட்ட அந்த 600 டாலர் விஷயம் இன்கம் அப்போர்ஷன்மெண்ட், அதாவது வருமானப் பங்கீடு. இது அதைவிட மிகப் பழையது. இங்கே கையில் இருந்தது உண்மையான பே ஸ்லிப்தான். ஆனால் முதலாளியின் சம்பளக் காலமும், உதவித்தொகை தரும் அரசு அலுவலகமான சென்ட்ரலிங்கின் இரண்டு வாரமும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதில்லை. ஒரு சம்பளம் இரண்டு காலங்களில் விழுந்தால், எந்த நாளில் வேலை செய்தார் என்று பார்க்காமல் அந்தப் பணத்தை நாள் கணக்கில் சமமாகப் பங்கிட்டுப் போட்டார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று, அரசுத் துறைகள் மீதான புகார்களை விசாரிக்கும் காமன்வெல்த் ஆம்பட்ஸ்மன் 2023இல் சொன்னார். 2020 டிசம்பர் 7 முதல் விதி மாறியது. சம்பளம் கைக்கு வரும்போது சொன்னால் போதும், அதனால் இந்தப் பங்கீட்டுச் சிக்கல் அதற்குப் பிறகான கடன்களில் இல்லை.

ரவி_டாண்டினாங்:
அது சரி அக்கா, ஆனால் பங்கிட்டால் என்ன நஷ்டம்? மொத்தச் சம்பளம் ஒன்றுதானே?

வாணி_மெல்பர்ன்:
மொத்தம் ஒன்றுதான், பிடிக்கும் விதம் ஒன்றல்ல. 2017-18இல் நியூஸ்டார்ட் வாங்குபவருக்கு இரண்டு வாரத்தில் 104 டாலர் வரை சம்பாதித்தால் ஒன்றும் குறையாது. 104 முதல் 254 வரை டாலருக்கு 50 சென்ட் குறையும், அதற்கு மேல் 60 சென்ட். தனியாள் தொகை 2017 செப்டம்பரிலிருந்து 538.80. வருமானம் குறைந்த காலத்தில் சேர்ந்து பிறகு பிடிப்பைக் குறைக்கும் வொர்கிங் கிரெடிட் சலுகையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

அம்மா ஒரு சம்பளத்தில் 1,400 வாங்கினார், செய்த ஷிப்ட் எல்லாம் முதல் காலத்தில் என்று வையுங்கள். அந்தக் காலத்தில் உதவித்தொகை முழுதாகப் போகும், 538.80 இழப்பு. அடுத்த காலத்தில் வருமானம் இல்லை, முழுத் தொகை கிடைக்கும். அதையே 700, 700 என்று பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 342.60 குறையும், இரண்டும் சேர்ந்து 685.20. எங்கிருந்தோ 146.40 கடன் முளைத்துவிட்டது.

இதை மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்: சம்பளம் 800 என்றால் கதை தலைகீழ். ஒரே காலத்தில் 800 என்றால் 402.60 பிடிப்பு. 400, 400 என்றால் மொத்தம் 325.20தான். பங்கீடு அவருக்கு லாபம். அதனால் மறுகணக்கு கேட்டால் கடன் கூடவும் வாய்ப்பு உண்டு. கேட்பதற்கு முன்பு நாமே ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில் ஆளை அதிகம் அடிப்பது இன்னொன்று. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே செய்த வேலையின் சம்பளம், பங்கீட்டில் உதவித்தொகை நாட்களுக்குள் வந்து விழும். அம்மாவின் முதல் மாதத்தை முதலில் பாருங்கள்.

பெண்டில்ஹில்:
நன்றி அக்கா. அப்படியானால் தவறான கணக்கு என்று ஆம்பட்ஸ்மனே சொன்ன பிறகு கடன் எப்படி நிற்கிறது?

வாணி_மெல்பர்ன்:
சட்டத்தைப் பின்னோக்கி மாற்றினார்கள். 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம், அன்று பங்கிட்ட முறை செல்லும் என்றே ஆக்கிவிட்டது. கூடவே ஒரு தீர்வுத் திட்டம்: 2003 செப்டம்பர் முதல் 2020 டிசம்பர் தொடக்கம் வரையான கடன்களில் இந்தப் பங்கீடு பட்டிருந்தால் 600 டாலர் வரை ஈட்டுத்தொகை. சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யும் வரம்பையும் 50 டாலரிலிருந்து 250 டாலராக உயர்த்தினார்கள்.

இதை நான் நியாயம் என்று நினைக்கவில்லை. ஒரு கேஷுவல் தொழிலாளி நூறு டாலரைத் தவறாகச் சொன்னால் கடிதம் வருகிறது. அரசு பதினேழு ஆண்டுகள் சட்டத்துக்குப் புறம்பாகக் கணக்கிட்டது, பிறகு சட்டத்தையே கணக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டது. ஒவ்வொரு கடனையும் மறுகணக்கிடப் பல ஆண்டுகள் ஆகும், பழைய ஆவணங்களும் கிடைக்காது என்ற அரசின் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆவணம் இல்லாத குறையை ஏன் கடனாளியே சுமக்க வேண்டும்?

ரவி_டாண்டினாங்:
அப்ப இனிமேல் போராடி என்ன பயன்? 600ஐ வாங்கிக்கொண்டு போகட்டும்.

வாணி_மெல்பர்ன்:
பலருக்கு அதுவே சரியான முடிவாக இருக்கலாம் தம்பி. ஆனால் திருத்தம் காப்பாற்றியது பங்கிடும் முறையை மட்டும். கூட்டல் பிழை, வேறு ஆளின் சம்பளம், இரண்டு தடவை ஏறிய பே ஸ்லிப் இவற்றை அது காப்பாற்றாது. அதோடு தள்ளுபடி கேட்க இரண்டு வழி அப்படியே இருக்கின்றன. முழுத் தவறும் அலுவலகத்துடையது, வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கினார் என்றால் ஒன்று. நோய், முதுமை, நெருக்கடி போன்ற சிறப்புச் சூழ்நிலை என்றால் மற்றொன்று.

பெண்டில்ஹில், முதலில் அம்மாவின் கோப்பைத் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேளுங்கள், கடன் கணக்கிட்ட தாள்களோடு. அதில் நாள் வாரியாகப் பங்கிட்டது தெரியும். முதலாளியும் வங்கியும் பதிவை ஏழு ஆண்டுகளே வைத்திருக்க வேண்டும் என்பதால் 2017இன் பே ஸ்லிப் கிடைக்காமல் போகலாம். ஆனால் கோப்பிலேயே பழைய பிரதி இருக்கக்கூடும். அம்மாவின் டைரி, ரோஸ்டர் மெசேஜ், எதையும் தூக்கி எறியாதீர்கள்.

அப்புறம் உள் மறுஆய்வு கேளுங்கள். அதை முடிவெடுத்தவர் அல்லாத வேறொரு அதிகாரி பார்ப்பார். அதுவும் திருப்தி இல்லையென்றால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம், 2024 அக்டோபரில் பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான ஏஏடிக்குப் பதிலாக வந்தது. உதவித்தொகை வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

தீர்வுத் திட்டத்தில் பணத்தை ஏற்பதற்கு முன்பு, ஏற்றால் எந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு இலவசச் சட்ட மையத்திடம் கேட்டுவிடுங்கள். கடைசித் தேதியை, சென்ட்ரலிங்கை நடத்தும் சர்வீசஸ் ஆஸ்திரேலியாவின் தளத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். மறுஆய்வு ஓடும்போது தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், கட்டாமல் விடுவதைவிட அது நல்லது.

பெண்டில்ஹில்:
மிக்க நன்றி அக்கா. கடைசியாக ஒன்று, அம்மாவே பேச வேண்டுமா? நான் பேசினால் "உங்களிடம் சொல்ல முடியாது" என்கிறார்கள்.

வாணி_மெல்பர்ன்:
சென்ட்ரலிங்கின் பன்மொழி எண் 131 202ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேச ஏற்பாடு செய்வார்கள், மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் இல்லை. அம்மா உங்களைத் தன் சார்பாகப் பேச நியமிக்கும் படிவம் ஒன்று இருக்கிறது. அதை முதல் அழைப்பிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கோப்பு வந்ததும் அம்மாவின் பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அந்தப் பங்கீட்டுத் தாளை இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்க்கலாம்.