கண்ணை மூடினால் மட்டும் அம்மா தள்ளாடுவது ஏன்?

கேள்வி
என் அம்மாவுக்கு வயது 67. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளது. பகலில் கடைத்தெருவுக்குத் தனியாகவே போய் வருகிறார். ஆனால் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதும், இரவில் மின்சாரம் நின்றுவிட்டாலும் உடல் ஆடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். தலை சுற்றவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். முதலில் எந்த மருத்துவரைப் பார்ப்பது?

பதில் (இயன்முறை மருத்துவர்)
உடலை நிலையாக நிறுத்த, கண், உட்செவி, பாதமும் மூட்டும் தசையும் ஆகிய மூன்று வழிகளில் மூளைக்குச் செய்தி வருகிறது. அவற்றைச் சேர்த்துப் பார்த்துத் தசைகளின் இயக்கத்தை நொடிக்கு நொடி திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு வழி பழுதானாலும் மற்றவை ஓரளவு ஈடுகட்டும். தங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பாதத்திலிருந்து வரும் செய்தி குறைந்து, அந்தக் குறையைக் கண் இதுவரை மறைத்து வந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாதங்களைச் சேர்த்து நிற்கச் செய்து, கண்ணை மூடச் சொல்லி ஆட்டத்தைக் கவனிக்கும் ரோம்பெர்க் சோதனை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இதற்காகத்தான் செய்யப்படுகிறது. விழும் அபாயம் இருப்பதால் வீட்டில் முயல வேண்டாம். நடக்கையில் செருப்பு கழன்றது தெரியாமல் போகிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மற்றொரு பதில்
என் பெரியப்பாவுக்கு வந்தது வேறு வகை. படுக்கையில் புரண்டால் அறையே சுழலும்; ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். உட்செவியிலுள்ள நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்ததே காரணம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கி, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பியே சரிசெய்தார். தங்கள் அம்மாவுக்குச் சுழற்சி இல்லாததால் இதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு.

கேள்வி கேட்டவர்
கேட்டேன். செருப்பு கழன்றதை இரண்டடி தள்ளிப்போன பிறகே உணர்கிறாராம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் பல ஆண்டுகளாக எடுத்து வருகிறார்.

பதில் (இயன்முறை மருத்துவர்)
அப்படியானால் சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் மருத்துவரிடமே முதலில் காட்டி, இசைக்கவையை (தட்டினால் அதிரும் கவை வடிவ உலோகக் கருவி) கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அந்தக் குறைபாடும் இதே தள்ளாட்டத்தைத் தரும் என்பதால் இரத்தத்தில் அதன் அளவையும் பார்ப்பது அவசியம். ஆனால் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அதுவரை அவர் முக்காலியில் உட்கார்ந்து முகம் கழுவட்டும். கழிவறைக்குப் போகும் வழியில், மின்சாரம் நின்றாலும் எரியும் விளக்கு ஒன்று இருக்கட்டும். தள்ளாட்டம் திடீரெனக் கூடி, பேச்சுக் குழறினாலோ ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ, சிறிதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.