கரிக்கோச்சி படம் ஒன்றை அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. எங்கள் அப்பப்பா கரிக்கோச்சியில் (நிலக்கரியில் ஓடும் நீராவி ரயில்) அடுப்புக்குக் கரி போடும் பயர்மனாக வேலை செய்தவர். அவருடைய பெட்டிக்குள் ஒரு படம் கிடைத்தது. பின்பக்கம் பென்சிலால் ‘மட்டக்களப்பு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். இஞ்சின் இலக்கத்தைப் புகை மறைத்துவிட்டது.

நான் பார்த்தவரை முன்னால் நான்கு சிறிய சக்கரம், அதன் பின் ஆறு பெரிய சக்கரம், பின்னால் கரியும் தண்ணீரும் வைக்கும் டெண்டர். பெரிய சக்கரங்களுக்குப் பின் இஞ்சினில் சிறிய சக்கரம் இல்லை. அதாவது சக்கர அமைப்பு 4-6-0. இலங்கையில் ஓடிய பி1 வகைக்கு இதே அமைப்புத்தான், ஆனால் வேறு சில வகைகளுக்கும் இதுவே. அதனால் பி1 என்று அடித்துச் சொல்லத் தயங்குகிறேன். புகைக்கூண்டு, கெப் (டிரைவர் நிற்கும் அறை) ஜன்னல் இவற்றை வைத்துப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். 1954இல் கனடா தந்த டீசல் இஞ்சின்கள் நாட்டுக்கு வந்தபிறகு கரிக்கோச்சிகள் மெல்ல மெல்ல மறைந்தன. வாழைச்சேனை, ஏறாவூர்ப் பக்கம் அந்தக் கூவலைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். உங்கள் வீட்டு அப்பப்பா, அம்மம்மாவிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். எங்கே தண்ணீர் நிரப்பினார்கள், இஞ்சினை எங்கே திருப்பினார்கள் என்ற சின்ன ஞாபகம்கூட எனக்குப் பெரிது.

பழைய படம் இருந்தால் வெளிச்சத்தில் வைத்து எடுத்துப் போடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கடுகண்ணாவை ரயில் நூதனசாலைக்குப் போனவர்கள் அங்குள்ள இஞ்சின்களைப் பக்கவாட்டில் எடுத்திருந்தால் அதுவும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.