அமெரிக்க டயட்டீஷியன் உரிமம் பக்கத்து மாநிலத்துக்கும் செல்லுமா?

கும்பகோணத்திலிருந்து கேட்கிறேன். என் தங்கை அமெரிக்காவில், டென்னசியில் டயட்டீஷியன். வேறு மாநிலத்தில் இருக்கும் நம்ம ஊர்க்காரர், சர்க்கரை நோயாளி, பொன்னிச் சோற்றை எத்தனை கரண்டியோடு நிறுத்துவது என்று வீடியோவில் கேட்கிறார். டென்னசி உரிமம் போதுமா?

திருவையாறு அண்ணன்: பொதுவாகப் போதாதும்மா, நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் சட்டத்தைத்தான் பார்ப்பார்கள். இந்தச் சிக்கலுக்காகத்தான் மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம் போட்டார்கள், 7 மாநிலங்கள் சட்டமாக்கினால் உயிர் பெறும் என்று விதி வைத்து. டென்னசி 2024-லேயே சட்டமாக்கிவிட்டது.

மன்னார்குடி தம்பி: அக்கா, அவர் இருக்கும் மாநிலமும் சேர்ந்திருக்கணும். சேர்ந்திருந்தாலும் அங்கே வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்கணும், தானாக வராது. உரிமம் தரும் வாரியத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி தம்பி, அதுவரை அங்கேயே ஒருவரைப் பார்க்கச் சொல்கிறேன். அவருக்குக் கால் மரத்துப்போகிறதாம், தள்ளிப்போட முடியாது.