வெட்டு முடிந்ததும் வீட்டுக்குள் எலி: எங்கால வருகுது?

வட்டக்கச்சி மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். காலபோக நெல் வெட்டு முடிந்து, விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லுமாக 14 மூடையை முன்னறையில் சுவரோடு அடுக்கினோம். மூன்றாம் கிழமையே ஒரு உரப்பையின் அடிமூலை கிழிந்து நெல் ஒழுகத் தொடங்கிவிட்டது. இரவு பத்து மணிக்குமேல் முகட்டில் ஓட்டப்பந்தயம். போன கிழமை தண்ணி மோட்டரின் வயரையும் கடித்துவிட்டது.

பாஷாணம் வைத்தேன். நாலாம் நாள் கூரைக்குள் எங்கேயோ ஒன்று செத்து, ஒரு கிழமையாக வீட்டுக்குள் இருந்து சோறு தின்ன முடியவில்லை. இவர் சொல்கிறார் இரண்டு எலிதான் நிற்குமாம். எனக்கென்றால் இருபது நிற்கும் போல இருக்கிறது. வீட்டுத்திட்ட வீடு, ஓட்டுக்கூரை. கதவு பூட்டித்தான் படுக்கிறோம். பிறகு எங்கால வருகுது?

மல்லாவி வாசி:
பூனை வளருங்கோ. எங்கள் வீட்டுப் பூனையைக் கேட்காதேங்கோ, அது எலிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும்.

ஒட்டுசுட்டான் கமக்காரன்:
தங்கச்சி, முதலில் புழுக்கையைப் பாருங்கோ. அரிசிமணியளவு சின்னதாக, கண்ட இடமெல்லாம் சிதறிக் கிடந்தால் சுண்டெலி. அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமென்றால் பெரிய எலி. முகட்டில் ஓடுவது அநேகமாக வீட்டெலி. அதற்கு வால் உடம்பைவிட நீளம், மரமேறி. அத்திவாரத்துக்குப் பக்கத்தில் புதுமண் குவிந்திருந்தால் அது வளை தோண்டுகிற அகழான் எலி, வேறு கதை. சின்ன வயதில் வயல் வரம்பில் அகழான் வளையைக் கிண்டிப் பார்த்திருக்கிறோம், உள்ளே நெற்கதிரை நறுக்கி நறுக்கி அடுக்கி வைத்திருக்கும். மூஞ்சூறைப் போட்டு அடிக்காதேங்கோ, பாவம், மணக்குமே தவிர அது கரப்பான் தின்கிற சீவன்.

இப்போது வருவதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டு முடிய வயலில் தீனும் இல்லை, மறைப்பும் இல்லை. நீங்களோ 14 மூடையைச் சுவரோடு அடுக்கி விருந்து வைத்திருக்கிறீர்கள். மாரியில் வளைக்குள் வெள்ளம் போனாலும் இப்படித்தான் வரும்.

வழி கண்டுபிடிக்க ஒரு வேலை செய்யுங்கோ. படுக்கும்போது சுவரோரமாக அரிசிமாவை மெல்லிசாகத் தூவிவிடுங்கோ. விடிய, கால் தடமும் நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கோ. சுண்டெலிக்குப் பென்சில் நுழைகிற ஓட்டை போதும், பெரிய எலிக்குக் கட்டைவிரல் அளவு. வெறும் சீமெந்தை ஈரத்தோடேயே தோண்டிவிடும். உடைந்த போத்தல் பிசுங்கானும் கம்பிவலையும் சேர்த்து அடையுங்கோ. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் கை போகிற இடைவெளி இருக்கும், அதற்கும் வலைதான். மரக்கொப்பு கூரையில் முட்டுகிறதா என்றும் பாருங்கோ.

பொறியைச் சுவரோரமாக வையுங்கோ, எலி நடுஅறையால் ஓடாது. பெரிய எலி புதுச் சாமானைக் கண்டால் சந்தேகப்படும். இரண்டு மூன்று இரவு பொறியைப் பூட்டாமல், சுட்ட கருவாடோ தேங்காய்ச் சொட்டோ வைத்துத் தின்னப் பழக்கிவிட்டுப் பிறகு பூட்டுங்கோ. சுண்டெலிக்கு இந்தப் பொறுமை தேவையில்லை, அது புதினம் பார்க்க முதல் நாளே வரும்.

பாஷாணத்தில் அநேகமானவை இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும், அதுவும் தான் விரும்பின இடத்தில். அதைத் தின்கிற பூனைக்கும் ஆந்தைக்கும் கேடு. வளவில் சாரை திரிந்தால் அடிக்க விடாதேங்கோ. உங்கள் மனிசனிடம் சொல்லுங்கோ, இரண்டு எலி இரண்டாக நிற்காது. சினைப்பட்டு மூன்று கிழமையில் ஈனும், ஒரு ஈற்றில் ஆறு ஏழு குட்டி.

தருமபுரம் அக்கா:
புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதேங்கோ, தூசி மூக்குக்குள் போகும். பிளீச்சிங் கரைத்த தண்ணி தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடையுங்கோ. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் ஆட்கள் செத்தது நினைவிருக்கும். அந்தக் கிருமி எலியின் சிறுநீரில் இருந்து தண்ணிக்கும் சேற்றுக்கும் வந்து, காலில் உள்ள புண்ணால் உள்ளே போகிறது. வயலில் இறங்கினவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைந்தால், கண் சிவந்தால், பனடோலோடு வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, வயலில் இறங்கினதையும் டொக்டரிடம் சொல்லுங்கோ.

வட்டக்கச்சி மருமகள்:
அண்ணை, மா தூவினேன். நான் வாசல் பக்கம் என்று நினைத்திருந்தேன், வால் கோடு நேரே குசினிக்குப் போகிறது. சிங் குழாய் சுவரைத் துளைத்துப் போகிற இடத்தில், குழாயைச் சுற்றி மூன்று விரல் போகிற ஓட்டை! வீடு கட்டின நாள் தொட்டு அப்படியே கிடந்திருக்கிறது, சட்டி அடுக்கி மறைத்து வைத்தது நான்தான். அடைத்தாயிற்று. மூடைகளைக் கல்லடுக்கிப் பலகை போட்டு ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறோம். நாலாம் இரவு கருவாட்டுக்கு இரண்டு விழுந்தது, நேற்று ஒன்று.

கூரையில் முட்டுவது முருங்கைக் கொப்பு. மாமி மரத்தில் கை வைக்க விடமாட்டேன் என்றார். காய் பிடுங்கி முடிந்தபிறகு அந்த ஒரு கொப்பு மட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.