புதுப்பிப்பு: காதொலிக் கருவி போட்ட மகளுக்கு வகுப்பில் பாடம் கேட்கவில்லை என்றேனே, இப்போதைய நிலை

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கருவி போட்டும் பாதிப் பாடத்தைத் தவறவிடுகிறாள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

முதலில் முன்பெஞ்சுக்கு மாற்றினார்கள். டீச்சர் சொல்வது தெளிவாகக் கேட்டது. ஆனால் பின்னாலிருந்து மற்ற பிள்ளைகள் சொல்லும் பதில் பிடிபடவில்லை. யார் பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பேச்சே முடிந்துவிடும். "இரண்டாவது வரிசை, சுவரோரம், கொஞ்சம் பக்கவாட்டாக உட்கார வையுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. அங்கிருந்து டீச்சர் முகமும் தெரிகிறது, பிள்ளைகள் முகமும் தெரிகிறது. அப்புறம், கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசும்படி கேட்டுக்கொண்டோம். கணக்கு டீச்சர் அதோடு நிற்கவில்லை. ஒரு பிள்ளை சொன்ன பதிலைத் தானும் ஒருமுறை திருப்பிச் சொல்கிறார். அருமையான மனுஷி.

எதிர்பாராதது சத்தம். கருவி குரலோடு பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் சேர்த்துத்தான் கூட்டுகிறது. பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டினார்கள். பின்வரிசைப் பிள்ளைகளும் இப்போது நன்றாகக் கேட்கிறது என்கிறார்கள். எந்தப் பள்ளியும் செய்யக்கூடிய வேலை இது.

டீச்சர் மாட்டிக்கொண்டால் அவர் குரலை நேராகக் கருவிக்கே அனுப்பும் எஃப்எம் மைக் இன்னும் வாங்கவில்லை.

தேர்வு பற்றிக் கேட்டவர்களுக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவை உள்ளன. பள்ளி வழியாக விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யூடிஐடி அட்டையை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.