கோட்லா என்பது திடலா, குடியிருப்பா?

கேள்வி:
போட்ஸ்வானாவின் த்ஸ்வானா ஊர்களைப் பற்றிப் படித்து வருகிறேன். 'கோட்லா' என்னும் சொல் ஓரிடத்தில் ஊர்க்கூட்டத் திடலாகவும், மற்றோரிடத்தில் வழக்கு மன்றமாகவும், வேறோரிடத்தில் ஊரின் ஒரு பகுதியாகவும் வருகிறது. எது சரி? ஒரே குலச்சின்னம் உடையவர்கள்தாம் ஒரு பகுதியில் வாழ்கிறார்களா?

மறுமொழி 1:
மூன்றும் சரியே. நான் த்ஸ்வானாக்களில் ஒரு பிரிவினரான பங்வாட்டோ மக்களின் தலைநகர் செரோவேயில் ஆசிரியராக இருந்தவன். மாட்டுத்தொழுவம், அதையொட்டி மரக்கம்புகளைப் பிறை வடிவில் நட்டு அமைத்த காற்றுத்தடுப்பு, சுற்றிலும் பெரும்பாலும் ஒரே மூதாதையின் ஆண்வழியில் வந்தவர்களின் வீடுகள் என அனைத்தும் சேர்ந்ததே கோட்லா. அந்தக் கம்புகளுக்கு முன்னால் அமர்ந்துதான் பகுதித் தலைவர் வழக்குகளை விசாரிப்பார். அங்கே தீராதது கோசி எனப்படும் பெருந்தலைவரின் கோட்லாவுக்குப் போகும்.

கோசி நினைத்ததே முடிவு என்று எண்ணிவிட வேண்டாம். பங்வாட்டோ மக்களின் கோசியாக வேண்டிய செரெட்சே காமா ஆங்கிலேயப் பெண்ணை மணந்ததை, அவருக்காக ஆட்சியைக் கவனித்து வந்த சிற்றப்பா ட்செகேடி கடுமையாக எதிர்த்தார். முதலில் ட்செகேடியின் பக்கம் சாய்ந்த செரோவே கோட்லா, 1949 ஜூனில் மூன்றாம் முறை கூடியபோது செரெட்சேயை மனைவியோடு ஏற்றுக்கொண்டது. பேசிப் பேசியே ஒரு மக்கள்கூட்டம் மனம் மாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மறுமொழி 2:
இரண்டாம் கேள்விக்கு விடை, 'இல்லை' என்பதே. பக்வேனா மக்களுக்கு முதலையும், பக்கட்லா மக்களுக்குக் குரங்கும், பங்வாட்டோ மக்களுக்கு டைக்கர் என்னும் சிறுமானும் குலச்சின்னங்கள். ஆனால் போரினாலும் பஞ்சத்தினாலும் அடைக்கலம் தேடி வந்தவர்கள் தங்கள் சின்னத்தை விடாமலே கோசியின் கீழ்த் தனிக் கோட்லாவாகவோ, இருக்கும் கோட்லாவிலோ சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஆகவே சின்னம் பிறப்பைச் சொல்லும். கோட்லா எந்தத் தலைவருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைச் சொல்லும்.

கோட்லாவுக்குள் உறவு இறுகுவதற்குத் திருமண முறையும் காரணம். "சிற்றப்பன் பிள்ளையே, என்னை மணந்துகொள், மாடுகள் தொழுவத்துக்கே திரும்பட்டும்" என்பது அவர்களின் பழமொழி. மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் மாடுகளையே அது குறிக்கிறது. நமக்கு உடன்பிறந்தார் முறையாகும் உறவு அங்கே விரும்பத்தக்க மண உறவு என்பதைத் தமிழர் நினைவில் கொள்ள வேண்டும். தாய்மாமன் இல்லாமல் மணப்பேச்சு நகராது என்பதில் மட்டும் நாம் அவர்களுக்கு நெருக்கமானவர்கள்.

மறுமொழி 3:
ஐயா, ஒன்றைச் சேர்க்கிறேன். ஊரில் வீடு, தொலைவில் விளைநிலம், அதற்கும் அப்பால் மாட்டுப்பட்டி என ஒரே குடும்பம் மூன்றிடங்களில் வாழ்வது அவர்கள் மரபு. நிலம் பகிர்ந்தளிக்கும் உரிமை 1970இல் கோசிகளிடமிருந்து நில வாரியங்களுக்கு மாறிவிட்டது. எனினும் ஒரு சாவு நேர்ந்தால், நகரத்தில் வேலை பார்ப்பவர்களும் அந்தப் பிறைவடிவக் கம்புகளைத் தேடித்தான் வந்து சேர்கிறார்கள்.